அல்பாக்காவுக்குக் காட்டிய கண்ணாடி

உத்திரமேரூரில் நான் முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் கைக்கண்ணாடி கிடையாது. வெட்டி முடித்ததும் சலூன்காரர் தன் போனில் என் பின்னந்தலையைப் படம் பிடித்துக் காட்டுவார். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அந்தக் கண்ணாடி போன இடம் எனக்குத் தெரியும், அதனால் நான் சிரிப்பதில்லை.

போன கோடை விடுமுறையில், பள்ளிக்கூடம் இல்லாத வாத்தியாருக்கு வேறென்ன வேலை, ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் சம்பளமில்லாமல் ஒத்தாசை செய்யப் போயிருந்தேன். முதலாளி ஆசைப்பட்டு வாங்கிவந்த இரண்டு அல்பாக்காக்கள் அங்கே இருந்தன. ஒட்டகத்துக்குச் சொந்தம், ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிது, உடம்பெல்லாம் கம்பளி. குளிர்மலைப் பிராணி. வெயில் ஏறுவதற்குள் மயிரைக் கத்தரித்துவிட வேண்டுமாம். கத்தரிக்க வெளியூரிலிருந்து வருவதாகச் சொன்ன ஆள் வரவேயில்லை. ஆண் வெயில் தாங்காமல் செத்துப்போனது. துணை போனதிலிருந்து பெட்டை புல்லைத் தொடவில்லை. வேலியோரம் நின்று மூக்காலேயே 'ம்ம்… ம்ம்…' என்று முனகும். யாரிடம் என்ன கேட்கிறது என்று புரியாமல் நானும் பக்கத்திலேயே நிற்பேன்.

வேறு வழி தோன்றாமல் சலூன்காரரை வரச்சொன்னேன். அவர் வருவதற்குள் அது மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எருமையைக் குளிப்பாட்டியே வளர்ந்தவன் அல்லவா, ஹோஸைப் பிடித்து முதுகெல்லாம் நனைத்துவிட்டேன். அட முட்டாளே! நனைந்த கம்பளி உடம்போடு ஒட்டிச் சூட்டை உள்ளேயே பிடித்துக்கொண்டது. மூச்சு இன்னும் வேகமானது. சலூன்காரர் டிரிம்மரை வைத்தார். ஈர மயிரில் சிக்கி நின்றுவிட்டது. ஆணைத்தான் வெயில் கொன்றது, பெட்டையை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

"இன்னா சார், இதுக்குப் போயி பேஜாராவுறீங்க? டெய்லி தண்ணி தெளிச்சிக்கினுதான வெட்றேன்" என்று சீப்பையும் கத்தரியையும் எடுத்தார். நான் பெட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். "மீடியமா, ஷார்ட்டா?" என்று அதனிடமே கேட்டார். முகத்தில் துப்பியது. துடைத்துக்கொண்டு, "சரி, ஷார்ட்டு" என்றார். வெட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. கம்பளி போனபின் பார்த்தால், இத்தனூண்டு உடம்பா! மூச்சு நிதானப்பட்டது. புல்லை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெட்டி முடித்தால் கண்ணாடி காட்டாமல் அவர் கை சும்மா இருக்காது. பையிலிருந்து எடுத்து அதன் முகத்துக்கு நேரே பிடித்தார். "நல்லாகீதா பாரு."

காதுகள் நிமிர்ந்தன. முகர்ந்து பார்த்தது. 'ம்ம்' என்றது. கண்ணாடியைவிட்டுக் கண் எடுக்காமலே என் கையிலிருந்த புல்லை இழுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணாடியைப் பைக்குள் வைத்ததும் தின்பதை நிறுத்தியது. எடுத்துக் காட்டினார், தின்றது. கண்ணாடியை வேலிக் கம்பத்திலேயே கட்டிவிட்டு வந்தார். கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அதற்குத் தெரியுமா, செத்த துணை திரும்பிவிட்டதாக நினைக்கிறதா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

போன வாரம் வழக்கம்போல என் பின்னந்தலையைப் போனில் காட்டினார். "வேறு கண்ணாடி வாங்கக் கூடாதா?" என்றேன்.

"வாங்கிட்டா, என் கண்ணாடி பத்திரமா கீதா பாத்துட்டு வரேன்னு சொல்லிக்கினு வாராவாரம் எப்டி சார் வூட்லேர்ந்து கெளம்புறது?"

சொல்லிக்கொண்டே போனில் என் பின்னந்தலைப் படத்தை விரலால் ஒதுக்கித் தள்ளினார். அடுத்த படத்தில் அது நின்றுகொண்டிருந்தது, வாய் நிறையப் புல்லோடு.