விற்ற லாரிக்கு ஆயுத பூஜை

செம்பாக்கம் ஏரி நிரம்பித் தெருவெல்லாம் வெள்ளமாக நின்ற வருஷத்தில்கூட எங்கள் வீட்டுக் குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. தெருவைத் தோண்டினார்கள், குழாய் புதைத்தார்கள், மூடினார்கள். இணைப்பு மட்டும் எப்போது கேட்டாலும் அடுத்த மாதம். நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவள். எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, அதில் மாவு அரைத்தால் யார் வாங்குவார்கள்? லாரித் தண்ணீர்தான் கதி. அதன் விலை இன்னும் கொஞ்சம் ஏறினால் கிரைண்டரை விற்றுவிட்டு உட்கார வேண்டியதுதான்.

எங்கள் வார்டு கவுன்சிலருக்குத் தண்ணீர் லாரிகள் ஓடின. குழாயில் தண்ணீர் வந்தால் அவர் லாரியை எவன் கூப்பிடுவான்? பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதானே! குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தங்கச்சி, எலெக்‌ஷன்ல ஜெயிச்ச கையோட லாரி எல்லாத்தையும் வித்துட்டேன். இப்ப நம்மகிட்ட இன்னா கீது? ஒரு சைக்கிள்கூட இல்ல" என்று கும்பிட்டார். கூட்டம் கைதட்டியது. லாரிகளில் எழுதியிருந்த பெயர் மாறியிருந்தது வாஸ்தவம்தான். ஆனால் அதே டிரைவர், அதே போன் நம்பர். எனக்குச் சந்தேகம் தீரவில்லை.

ஆயுத பூஜையன்று அவர் வீட்டுக்கு மாவு கொடுக்கப் போனேன். அவர் மனைவி என் வாடிக்கை. வாசலில் அத்தனை லாரிகளும் குளித்து முழுகி, வாழைக்கன்று கட்டி வரிசையாக நின்றன. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். கவுன்சிலர் பூசணிக்காயைத் தூக்கிப் போட்டு உடைத்தார். பத்திரத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். ஆயுத பூஜைக்கு வண்டியை இன்னொருவன் வாசலில் நிறுத்த எந்த முதலாளிக்கு மனசு வரும்?

"வித்த வண்டிக்கு உங்க வாசல்ல எதுக்குண்ணா பூஜை?" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "வாங்கினது என் மச்சான்தான், தங்கச்சி. நம்ம கை ராசின்னு ஓட்டிகினு வந்துட்டான். நீ பொரி எடுத்துக்கோ."

அந்த வாரமே எங்கள் தெருவுக்கு லாரி வருவது நின்றுபோனது. டிரைவருக்குப் போன் போட்டேன். "உங்க தெருவுக்கு வேணான்ட்டாங்கக்கா."

"யாரு?"

"என்னை ஏன்க்கா பேஜார் பண்றே?" என்று வைத்துவிட்டான்.

அரிசி ஊறப்போடத் தண்ணீர் இல்லை. வாசலில் 'மாவு இல்லை' என்று எழுதிய அட்டையை அறைந்து மாட்டினேன். ஆத்திரம்தான், வேறென்ன.

சாயங்காலம் கவுன்சிலர் மனைவி தூக்குச்சட்டியோடு வந்தார். "இன்னாம்மா, மாவு இல்லியா? புள்ளைங்க இட்லி கேட்டுகினு கீதுங்க."

"தண்ணி லாரி வரலைக்கா."

"அடிப்பாவி, எனக்கு ஒரு போன் போடக் கூடாதா? நம்ம வண்டிதானே, ஒண்ணு அனுப்பச் சொல்லியிருப்பேனே!" என்றார் நிஜமான பரிவோடு.