மொட்டைமாடியில் காயல் சேறு

காயலின் அடிச்சேற்றை எடுத்ததும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஈரத்தோடு டப்பாக்களில் மூடி வைப்பது என் வழக்கம். மறுபாதியை உலர்த்திக் கதிரியக்கத்தை அளப்போம். அந்த வாரம் ஆய்வுக்கூடத்தில் உலர்த்தும் அடுப்பு பழுது. அதனால் மறுபாதியோடு பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தட்டுகளில் பரப்பினேன்.

அண்ணி இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். “நம்ப ஊர்ல இல்லாத சேறா தம்பி? இதுக்கு பஸ்ல டிக்கெட்டு வேற எடுத்தீங்களா?”

காயலில் கதிரியக்கம் கலந்துவிட்டதாக யாரோ கிளப்பிய பேச்சில், எனக்குப் படகு ஓட்டியவரின் இறாலை வாங்க ஆளில்லை. “துண்ணலாமா கூடாதா, அத்த மட்டும் சொல்லுங்க சார்” என்றிருந்தார். தண்ணீரையும் இறாலையும் சோதித்தாயிற்று, பழுதில்லை. சேறுதான் பாக்கி.

காய்ந்ததைக் கொண்டுபோய்க் கருவியில் வைத்தேன். எண்ணிக்கை தாறுமாறாக ஏறியது. படகுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

பிறகு திரையில் வரைபடம் உருக்கொண்டது. அணுக்கழிவின் சீசியம் தெரிய வேண்டிய இடம் வெறும் தரை. வெகுதூரம் தள்ளி ஒரே ஒரு முகடு, கோபுரம் மாதிரி. பொட்டாசியம். எந்த மண்ணிலும், வாழைப்பழத்திலும்கூட இருந்து, இயல்பாகவே துளி கதிர் வீசுகிற சாது. ஆனால் இவ்வளவா?

வீட்டுக்குப் போன் போட்டேன். “அண்ணி, சேறு தட்டுலதானே காஞ்சுது?”

“கல்வராயன் மலைப்பக்கம் மழ கறுத்துக்கினு வந்துது தம்பி. வாரியாந்து கூடத்துல சாக்கு மேல கொட்டி வெச்சேன்.”

“இன்னா சாக்கு?”

“மரவள்ளிக்கு வாங்குன பொட்டாஷ் ஒரச் சாக்கு. உதறித்தான் போட்டேன். அழுக்குச் சாக்குலயா போடுவேன்?”

பொட்டாஷ் என்பதே பொட்டாசிய உரம்தான். சிரிப்பு தாங்காமல் வராந்தாவில் ஓடினேன். நிறவாரியாகச் சட்டைப்பையில் செருகியிருந்த பேனாக்கள் சிதறின, பொறுக்கவில்லை. ஈரப் பாதியைக் கருவியில் ஏற்றி, வேலை முடியும்வரை அதன் முன்னால் நிலைகொள்ளாமல் நடந்தேன். சீசியம் இல்லை. பொட்டாசியமும் எல்லாச் சேற்றிலும் இருக்கிற அளவுதான். மற்ற டப்பாக்களும் அதையே சொன்னபோது விசிலடித்துக்கொண்டிருந்தேன்.

படகுக்காரரை அழைத்து “துண்ணலாம்” என்றேன். அதன் பிறகுதான் கதையைச் சொன்னேன்.

“அப்ப எங்க காயலு சுத்தம், உங்க வூட்டு சாக்குதான் கோளாறு. கரெக்டா சார்?”

“கரெக்ட்.”

“வாங்க, எறால் தரேன். அண்ணிக்கும் எடுத்துக்கினு போங்க. சாக்குல கொட்டிடப் போறாங்க, பாத்துக்குங்க.”