சாலையோரத்து மண்

அலுவலகத்தில் அவருக்கு ‘வெளிச்சக்காரர்’ என்று பட்டப்பெயர். வயலில் இலை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, இலைகளுக்கு நடுவே தெரியும் மண் எவ்வளவு அனுப்புகிறது என்று கணக்குப் போட்டு, செயற்கைக்கோள் படத்திலிருந்து பயிரின் நிலையைச் சொல்வது அவர் வேலை. அவர் தரும் வரைபடத்தைப் பார்த்துத்தான் எந்த வயலுக்கு முதலில் வாய்க்கால் தண்ணீர் என்று முடிவாகும். பதினெட்டு வருடமாக இதே பிழைப்பு. கெட்ட மனிதர் இல்லை. கொஞ்சம் சொகுசுப் பேர்வழி, அவ்வளவுதான்.

அந்தச் சொகுசுதான் வினையாக முடிந்தது. விதைப்புக்கு முன் வெறும் மண் அனுப்பும் வெளிச்சத்தை அளக்கப் போன அன்று வயலெல்லாம் சேறு, காலில் புது ஷூ. உள்ளே இறங்க மனம் வரவில்லை. சாலையோரத்திலேயே நின்று, கருவியை, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வெள்ளைப் பலகைக்கும் மண்ணுக்கும் மாறி மாறி நீட்டி, முப்பது அளவை எடுத்துக்கொண்டு வண்டியேறிவிட்டார். அதுவோ சாலை போட்டபோது எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டிய வெளிர்மண். வயலுக்குள் இருந்தது கன்னங்கரேலென்ற மண். மண் வெளிர்நிறம் என்று நம்பிய கணக்கு, அந்தக் கறுப்பையெல்லாம் அடர்ந்த இலை என்று எடுத்துக்கொண்டது. வாடிய மக்காச்சோளம் படத்தில் பச்சைப்பசேலென்று வந்தது. தண்ணீர் வேறு பக்கம் போனது.

அங்கேதான் அவருடைய கூடப்பிறந்த அண்ணனுக்கும் வயல். ஒருநாள் அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, நல்ல கண் டாக்டர் யாராச்சும் தெரியுமாடா? உன் படத்துல பயிர் பச்சையா இருக்காம். எனக்கு வாடின மாதிரியே தெரியுது. கண்ணு போயிடுச்சு போல.”

அவருக்குச் சுருக்கென்றது. இருபதடி தள்ளி நின்றே இலையில் பூச்சி பார்க்கும் மனிதர் அண்ணன். பழைய அளவைகளைத் திறந்து பார்த்தார். முப்பது புள்ளிகளும் சாலையோரமாகவே வரிசை கட்டி நின்றன. பிள்ளைகள் சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எரிந்து விழுந்தார்.

மறுநாள் கருவியோடு அண்ணனின் வயலுக்குள் இறங்கினார். காலுக்கடியில் மண் வெடித்துக் கிடந்தது. இலைகள் சுருண்டு, தொட்டால் நொறுங்கின. அளந்து முடித்ததும் அண்ணனிடம் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டார், ஷூவையும் சேர்த்து.

“அப்ப என் கண்ணு நல்லாத்தான் இருக்கா?” அண்ணன் சிரித்தேவிட்டார். “ரெண்டு நாளா எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா!”

அந்தச் சிரிப்பைத்தான் தம்பியால் தாங்க முடியவில்லை. “திட்டுண்ணே. நாலு அறை வேணாலும் விடு.”

“உன்னை அடிச்சா பயிர் எந்திரிச்சிருமா?” அண்ணன் ஒரு சோளத்தட்டையைப் பிடுங்கி, வேரை உதறிப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “கிணத்துல தண்ணி இருந்துச்சுடா. மோட்டாரைப் போடுங்கன்னு உங்க அண்ணி தலைபாடா அடிச்சுக்கிட்டா. ‘என் தம்பி கணக்கு தப்பாது, நீ சும்மா இரு’ன்னு அவ வாயை அடைச்சிட்டேன்.”