கறுவாவின் ஊசியை நிறுத்தியவர்

என் கணவர் இறந்த பிறகு நான் ஜெபிப்பதை விட்டுவிட்டேன். கோயிலுக்குப் போவதை விடவில்லை. போய்க் கடைசி வாங்கில் இருந்துவிட்டு, ஆசீர்வாதம் சொல்ல முன்னரே எழும்பி வந்துவிடுவேன். யாராவது கண்களை மூடச் சொன்னால் மூடுவேன். உள்ளே ஒரு சொல்லும் இராது.

காரணத்தைச் சொல்லாமல் இந்தச் சாட்சி விளங்காது.

இவருக்கு நீண்டகாலமாகச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. நாங்கள் யாழ்ப்பாணத்தார், இவருடைய கல்வித் திணைக்கள வேலைக்காகக் கண்டிக்கு வந்து, பிறகு கட்டுகஸ்தோட்டையிலேயே தங்கிவிட்டோம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கினார். அதை நடத்திய சகோதரருக்கு நல்ல குரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இவருடைய தலையில் கைவைத்து, சுகமாகிவிட்டது என்று அறிவித்தார். சுகமான பிறகும் மருந்து எடுப்பது கர்த்தரைச் சந்தேகிப்பது என்றும் சொன்னார்.

அன்றோடு இவர் ஊசியை நிறுத்தினார்.

நான் சண்டை பிடித்தேன். அழுதேன். பேசாமல் இருந்தும் பார்த்தேன். இவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "நீ என்ர விசுவாசத்தைக் குழப்பாதை." முதலில் கொஞ்சக் காலம் முகம் மலர்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு தண்ணீர் தண்ணீராகக் குடித்தார். வாந்தி எடுத்தார். மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது பேச்சு இல்லை. அந்த வாசலில் நான் ஜெபித்தது போல என் வாழ்நாளில் ஜெபித்ததில்லை. அவர் திரும்பி வரவில்லை.

அடக்கத்துக்கு அந்தச் சகோதரரும் வந்தார். என் கையைப் பிடித்து, எங்கோ ஒரு மூலையில் இவருக்குச் சந்தேகம் இருந்திருக்கும் என்றார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்தச் சொல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது. சாப்பாட்டிலும் அந்தக் கசப்பு, தண்ணீரிலும் அந்தக் கசப்பு.

வீட்டில் எஞ்சியது கறுவா. கறுவாப்பட்டையின் செம்பழுப்பு நிறத்தில் ஓர் ஆண் பூனை. கம்பளை ரயில் நிலையத்தில் அநாதையாகக் கிடந்த குட்டியை இவர் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். சோறு, பால், மாரி பிஸ்கட் என்று இவர் கொடுத்த செல்லத்தில் அது கொழுத்து உருண்டையாகிவிட்டது. இவர் சாய்ந்து உட்கார்ந்த கதிரையில்தான் அது படுக்கும்.

இவருடைய ஆண்டுத் திவசம் கழிந்த பிறகு கறுவா மெலிந்தது. எவ்வளவு சாப்பிட்டும் முதுகெலும்பு தெரிந்தது. குளியலறை வாளிக்குள் தலையை விட்டு ஓயாமல் தண்ணீர் குடித்தது. பின்னங்கால்கள் தளர்ந்து, குதிக்கால் நிலத்தில் பட, முயல் போல நடந்தது. எனக்கு அந்தத் தாகத்தைத் தெரியும். தெரிந்தும் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பேராதனைப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ரிஸ்வானா என்று பெயர், முஸ்லிம் பிள்ளை, என் மகள் வயது இருக்கும். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்ட்டி, இதுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் போடணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பல்ல. டொக்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

அன்று முதல் மறுபடியும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு சின்ன மருந்துப் போத்தல். இவருடையது இருந்த அதே தட்டில். காலையும் மாலையும் பூனையின் தோலைக் கிள்ளித் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவு மருந்தை ஏற்றுவேன். காது நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தை மெஷினில் வைத்துச் சீனி பார்ப்பேன். சோறும் பாலும் பிஸ்கட்டும் நின்றன. அவித்த கோழியும் மீனும் டொக்டர் சொன்ன டின் சாப்பாடும்தான். கறுவா ஒருநாளும் ஊசிக்கு ஓடவில்லை. அதை நினைக்க எனக்கு இவர்மேல் கோபம் வரும். ஒரு பூனை காட்டும் பணிவைக்கூட நீர் காட்டவில்லையே என்று படத்தைப் பார்த்துச் சொல்வேன். அதையும் நான் ஜெபம் என்று நினைக்கவில்லை.

சில மாதங்களில் கால் நிமிர்ந்தது. உடம்பு வைத்தது. ஒருநாள் டொக்டர் முகம் மலர்ந்து சொன்னார்: "சீனி நல்லா எறங்கிட்டு அன்ட்டி. இனிக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைப்பம். சில பூனைகளுக்கு முழுசா நிப்பாட்டவும் ஏலும்."

நிப்பாட்டுவது. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் கறுவாவை மேசையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். என் வீட்டில் ஒருவருக்கு நிப்பாட்டியாயிற்று, என்ன நடந்தது என்று தெரியும் என்றேன். பிறகு முழுக் கதையையும் சொன்னேன். வெளியில் ஆட்கள் காத்திருந்தும் அவர் இருந்து கேட்டார். கடைசியில், இன்னும் சில நாள் பழைய அளவே இருக்கட்டும் என்று கெஞ்சினேன். அவருக்கு விருப்பமில்லை. ஆனாலும், ஒவ்வொரு ஊசிக்கும் முன் சீனி பார்க்க வேண்டும், தேன் போத்தல் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிச் சம்மதித்தார். சீனி ஏறினாலும் ஆபத்து, அளவுக்கு மிஞ்சி இறங்கினால் அதைவிடப் பெரிய ஆபத்து என்று இரண்டு தரம் எச்சரித்தார்.

அது நடந்தது ஒரு மழை நாளின் மத்தியானம். காலையில் பார்த்தபோது சீனி சரியாகவே இருந்தது, ஊசியும் போட்டிருந்தேன். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மீன் வாசத்துக்கு ஓடிவரும் பூனை வரவில்லை. திரும்பிப் பார்த்தால் குடித்தவன் போலச் சுவரில் மோதி நடக்கிறது. பிறகு விழுந்தது. கால்கள் இழுத்தன, வாயில் நுரை.

தேனைத் தொட்டு அதன் பல்முரசில் தடவினேன். மறுபடி மறுபடி தடவினேன். பல்லில் பட்டு விரல் கிழிந்ததும் தெரியவில்லை. டொக்டருக்குப் போன் எடுத்தேன், தேனை விடாமல் தடவச் சொல்லி, உடனே கொண்டுவரச் சொன்னார். அந்த மழைக்கு ஆட்டோ வரச் சுணங்கியது.

அந்தச் சீமெந்துத் தரையில் இருந்து ஜெபித்தேன். அது அழகான ஜெபம் அல்ல. நீங்கள் சபையில் செய்வது போன்றதும் அல்ல. இப்படித்தான் சொன்னேன்: "ஆண்டவரே, அவரைக் கேட்டன், தரேல்லை. ஏன் எண்டும் சொல்லேல்லை. உம்மில எனக்கு இன்னும் கோபம்தான். ஆனா இதையும் எடுத்தீர் எண்டால் உம்மோட கதைக்க எனக்கு ஒண்டுமே மிச்சமிராது."

சொல்லி முடிக்க, கறுவாவின் நாக்கு அசைந்தது. தேனை நக்கியது. பிறகு என் விரலில் இருந்த இரத்தத்தையும் நக்கியது. மெஷினில் வைத்துப் பார்த்தேன், சீனி மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

தேனால்தான் பிழைத்தது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். ஓம், தேனால்தான். தேனைக் கிட்ட வைத்திரு என்று எனக்குச் சொல்ல ஒருவர் இருந்தார், நானும் கேட்டேன். என் கணவருக்கு அப்படிச் சொன்னவர்களின் குரல் எடுபடவில்லை. கூட்டத்தில் சத்தமாகக் கத்தியவரின் குரல்தான் எடுபட்டது.

டொக்டர் கறுவாவைத் தன்னிடம் வைத்திருந்து, மறுநாள் என் கையில் தந்தார். "இவ்வளவு ஊசி எனக்கு வேணாம்னு அதுட உடம்பு சொல்லுது அன்ட்டி. நாங்க அதைத்தான் கேக்கணும்" என்றார். தானும் தொழுகையில் அதற்காகத் துஆ செய்ததாகவும் சொன்னார்.

அதன் பிறகு குறைத்தோம். அரை அலகு, பிறகு இன்னும் அரை. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும், இந்த அளவு போதுமா ஆண்டவரே என்று கேட்பேன். கேட்டுவிட்டு மெஷினைப் பார்ப்பேன். பதில் அதில் வரும். ஒருமுறை போதாது என்று வந்தது, பழையபடி கூட்டினோம். அதில் எனக்கு வெட்கமும் வரவில்லை, விசுவாசம் குறைந்தது என்று யாரும் சொல்லவும் இல்லை. மழைக்காலம் முடியும்போது ஊசியே தேவைப்படவில்லை. நோய் ஒரேயடியாய்ப் போகவில்லை, அடங்கியிருக்கிறது, திரும்பியும் வரலாம், ஆகவே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்து அழுதேன். சந்தோஷத்தில் அல்ல. பூனைக்குத் தந்தீரே, அவருக்கு ஏன் தரவில்லை என்று கேட்டு அழுதேன். இன்றுவரை அதற்குப் பதில் இல்லை. இருக்கிறது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன்.

எப்படியோ செய்தி அந்தச் சகோதரரின் காதுக்குப் போனது. ஒரு பின்னேரம் வீட்டுக்கே வந்தார். "சிஸ்டர், கர்த்தர் பெரிய காரியம் செஞ்சிருக்காரு. மருந்த விட்டதும் சொகம் வந்துச்சுன்னு ஞாயித்துக்கெழமை வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். கறுவா கிடந்த கதிரையைக் காட்டி, இங்கே இருக்கலாமா என்று கேட்டார். அது என் கணவரின் கதிரை என்றேன். நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்.

வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். போனேன். கைப்பைக்குள் மெஷினையும் எடுத்துப் போனேன். ஊசியைக் குறைப்பது எப்படி என்று காட்டிச் சொல்ல நினைத்தேன்.

அங்கே முன்வரிசையில் செல்வி என்று ஒரு பெண். தெல்தெனியாவிலிருந்து பஸ் ஏறி வருபவள், கலியாணம் முடித்து அதிக காலமில்லை. சின்ன வயதிலிருந்தே இன்சுலின். போன கிழமை அவளும் ஊசியை விட்டுவிட்டாள் என்று சகோதரர் அறிவிக்க, எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கையில் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல். நான் பார்த்துக்கொண்டிருக்கவே அதை முடித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளின் போத்தலைக் கேட்டாள்.

என்னை அழைத்து மைக்கைத் தந்தார்கள். "என்ர பூனைக்கு ஊசி நிண்டது உண்மை. இரத்தம் பாத்து, டொக்டர் சொல்லி, அரை அரையாக் குறைச்சு நிண்டது. என்ர மனுசனுக்கு இந்த இடத்தில ஒரே நாளில நிப்பாட்டினவை. அவர் செத்துப்போனார். அவருக்குச் சந்தேகம் இருக்கேல்லை. சந்தேகம் இருந்திருந்தால் இண்டைக்கு உயிரோட இருந்திருப்பார்" என்றேன். மைக் நின்றது. ஓர்கன் ஒலிக்கத் தொடங்கியது. கூட்டம் எழும்பிப் பாடியது. பாட்டுக்கு நடுவே நான் வெளியே வந்தேன்.

பாலத்தடிப் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது பின்னால் செல்வி வந்தாள். ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கினாள். ஆனால் அது ஓடியதால் வந்த மூச்சல்ல. அந்த மூச்சை நான் முன்னரே கேட்டிருக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாள்: "ஆன்டி, சீனி பாக்கிற மெஷின் ஒங்ககிட்ட இருக்கா?"

அங்கேயே வாங்கில் இருத்தி, புது ஊசியால் விரலைக் குத்தினேன். மெஷினில் இலக்கம் வரவில்லை. அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. ஆட்டோவை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இவரைக் கொண்டுபோன அதே ஆஸ்பத்திரி, அதே வாசல். உள்ளே போனேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அங்கிருந்த டொக்டர் சொல்லத் தொடங்கினார். மிச்சத்தை நான் கேட்கவில்லை.

செல்வி பிழைத்தாள். இப்போது ஞாயிறுகளில் என் வீட்டுக்கு வருகிறாள். சாப்பாட்டுக்கு முன் சீனி பார்ப்பாள், ஊசி போடுவாள், பிறகு நாங்கள் இருவரும் ஜெபிப்போம். அவள் பாடுவாள். எனக்கு இன்னும் பாட்டு வருவதில்லை. ஆனால் கண்களை மூடினால் உள்ளே சொல் இருக்கிறது.

ஒரு பூனையை வைத்துச் சொல்லும் சாட்சியா என்று சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். அந்தப் பூனையின் உடம்பு சொன்னதைக் கேட்காதிருந்தால் நான் எதையுமே கேட்டிருக்கமாட்டேன். அந்தப் பெண்ணின் தாகத்தைக் கண்டும் எழும்பி வீட்டுக்குப் போயிருப்பேன். இவருக்குப் பதிலாக ஆண்டவர் அவளைத் தந்தார் என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். ஓர் உயிருக்கு ஈடு இன்னோர் உயிர் அல்ல. அப்படிக் கணக்குத் தீர்க்கிறவராய் இருந்தால் அவரை நான் வணங்கமாட்டேன். அவர் அப்படிப்பட்டவர் அல்ல என்று நம்பித்தான் இன்னும் அவரோடு சண்டை பிடிக்கிறேன். அவரும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதற்கு நான் நன்றியுள்ளவள்.

வருத்தத்தோடு இதை வாசிக்கிற அன்பானவர்களே, நீங்களும் அவரை நம்புங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். ஊசியைப் போட்டுவிட்டு, அந்தக் கையாலேயே கும்பிடுங்கள். அவர் அந்தக் கையைத் தள்ளமாட்டார். தள்ளுவார் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், உடனே அந்த இடத்தை விட்டு எழும்பி வாருங்கள். பாட்டு முடியும்வரை நிற்காதீர்கள்.