வாளி மாமாவின் சொட்டுக் குழாய்

எங்கள் தெருவில் என் அக்கா வீட்டுக்காரருக்கு ‘வாளி’ என்றுதான் பெயர். பதினோரு வருடமாக, வாரம் தவறாமல், கட்டில் அகலத்துக்கு இருக்கும் மீன் தொட்டிக்கு வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றியவர். பெற்றவர்களுக்கு இவ்வளவு செய்திருந்தால் ஊரே புகழ்ந்திருக்கும். இவருக்குக் கிடைத்தது இடுப்பு வலி. “இன்னொரு வாளி தூக்கினீங்கன்னா என்கிட்ட வராதீங்க, நேரா ஆபரேஷனுக்குப் போயிடுங்க” என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

தொட்டியில் இருப்பது ஒரே ஒரு அரோவானா மீன். விரல் நீளத்தில் வந்தது, இப்போது முழங்கை தாண்டிவிட்டது. அக்கா கூடத்தில் இந்தப் பக்கம் நடந்தால் அதுவும் கண்ணாடியை ஒட்டி இந்தப் பக்கம் வரும். “யாருக்காவது கொடுத்துடலாமே” என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்கா இரண்டு நாள் என் முகத்திலேயே விழிக்கவில்லை.

மாமாவுக்கு வேலை குடிநீர் நிலையத்தில். ஊர் குடிக்கும் தண்ணீரில் குளோரின் கலப்பது அவர்தான். மனிதர்களைக் காப்பாற்றும் அதே குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும். அதனால்தான் ஒரு நாள் பிடித்துவைத்து, குளோரின் பறந்த பிறகே தொட்டியில் ஊற்றுவார்.

வாளிக்குத் தடை வந்ததும் மனிதர் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சொட்டுக் குழாய் அமைத்தார். தெருக் குழாயிலிருந்து ஒரு மெல்லிய குழாய், நடுவில் குளோரினை உறிஞ்ச ஒரு கரி வடிகட்டி, அங்கிருந்து தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர். எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு பழைய தண்ணீர் மேல் ஓட்டை வழியாக வெளியே போய்விடும். போகிற வருகிற யாரும் மூடிவிடக் கூடாதென்று, வாசல் மீட்டர் பெட்டியில் இருந்த வால்வின் கைப்பிடியைக்கூடக் கழற்றி வீட்டுக்குள் வைத்துக்கொண்டார். சந்தேகத்துக்கு மறுபெயர் எங்கள் மாமா.

“கரி இவ்வளவு போதுமா?” என்று கேட்டேன்.

“ஊர்த் தண்ணில எவ்வளவு குளோரின்னு எனக்குத் தெரியாதா மாப்ள? போடறதே நான்தானே!”

அந்த மிதப்புதான் வினையாகிவிட்டது. தினமும் தான் போடும் அளவுக்குத்தான் கரியை அளந்திருந்தார். தன் கையே ஒருநாள் கூட்டிப் போடும் என்று அவர் யோசிக்கவில்லை.

முதல் நாள் சோதனை. மேல் ஓட்டை தாங்குகிறதா என்று பார்க்க, சொட்டை வேகமாகத் திறந்துவிட்டு வேலைக்குப் போனார். தேர்வுக் கண்காணிப்புக்காக அக்கா பள்ளிக்கூடம் போய்விட்டாள். வீடு பூட்டியிருந்தது.

பத்தே முக்காலுக்கு என் ஜெராக்ஸ் கடைக்கு போன் வந்தது. மாமாவின் குரலே மாறியிருந்தது.

“மாப்ள, ராத்திரி மெயின் பைப் உடைஞ்சு சாக்கடை கலந்துடுச்சாம். இப்பத்தான் சரி பண்ணாங்க. குளோரின நாலு மடங்கு ஏத்தச் சொல்லிட்டாங்க. வேகமா போற தண்ணில அவ்வளவையும் கரி தாங்காது. உங்கக்கா போன எடுக்கல.”

“கொஞ்ச நேரம் தள்ளிப் போடுங்களேன் மாமா! பத்து நிமிஷத்துல என்ன ஆயிடப் போகுது?”

“ஏத்தியாச்சுடா. ஏத்திட்டுத்தான் உனக்குப் பேசறேன். நம்ம தெருவுக்கு வந்து சேர இருபத்தஞ்சு நிமிஷம். அதுல நாலு நிமிஷம் போயிடுச்சு. வால்வுல கைப்பிடி இல்ல, கட்டிங் பிளேயர் எடுத்துட்டு ஓடு.”

எண்பது பக்கம் நகலெடுக்க நின்றவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினேன். ஓடும்போதே மாமாவைத் திட்டினேன். ஏத்துவதற்கு முன்னால் பேசியிருக்கக் கூடாதா? பெரிய அரிச்சந்திரன்!

மீட்டர் பெட்டி மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. செருப்புக் காலால் நாலு உதை விட்டதும் திறந்தது. வால்வின் தண்டை பிளேயரால் பிடித்தால் வழுக்கியது. சட்டையைக் கழற்றிச் சுற்றிப் பிடித்தேன். அரைச் சுற்று வந்து நின்றுவிட்டது. மணி பதினொன்று ஐந்து. இன்னும் ஒரு நிமிடம்தான். கட்டை விரல் தோல் உரிய இரண்டு கையாலும் திருகினேன். மீட்டர் முள் மெதுவாகி, நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே என்ன ஆயிற்றென்று பார்க்க வழியில்லை.

ஒன்றரை மணிக்கு அக்கா வந்து கதவைத் திறந்தாள். விஷயத்தைச் சொன்னதும் கைப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். தொட்டியின் ஓரத்தில் அசையாமல் நின்றிருந்த மீன், அவள் இந்தப் பக்கம் வந்ததும் தானும் இந்தப் பக்கம் திரும்பியது. அக்கா கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதாள்.

சாயங்காலம் மாமா வந்தார். தொட்டித் தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து, குளோரின் இருந்தால் நிறம் காட்டிக்கொடுக்கும் மருந்தைச் சொட்டு விட்டார். நிறம் மாறவில்லை. மூன்று தடவை செய்து பார்த்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அக்கா அவர் எதிரில் வந்து நின்றாள். “இவனும் போன எடுக்கலன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

“ஏத்தினதுக்கப்புறம்தானே போனே பண்ணேன்.”

“தெரியும். அதைத்தான் கேக்கறேன்.”

மாமா குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். “அங்கயே உக்காந்து அழுதிருப்பேன்” என்றார். “ஆனா குளோரினக் குறைச்சிருக்க மாட்டேன்.”