கோட் எங்கே, தங்கச்சி?

போன ஞாயிற்றுக்கிழமை நான் எழுதிய ஒரு கடிதத்தை முன்பின் தெரியாத பதினோரு பேர் படித்தார்கள். எதற்காக எழுதினேன் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கடிதம் எழுதுவதுதான். லிந்துலை டவுனில் என் போட்டோகொப்பிக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மனு எழுதத்தான் வருகிறார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். படிப்பும் ஓ.எல். பரீட்சை வரைதான். ஆனால் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துவிட்டால்...

அன்று வந்தவள் காயத்ரி. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பத்தொன்பது வயது. ஹட்டனில் சனிக்கிழமை தோறும் நடக்கும் ஓர் இலவச வகுப்பில் புரோகிராம் எழுதப் படிக்கிறாள். வகுப்பில் இரவல் கொடுத்த லெப்டொப்பை பிளாஸ்டிக் பையில் சுற்றி, மழைக்கு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடைக்காது.

“அக்கா, அஞ்சு மணிக்குள்ள வகுப்புல குடுத்த இந்தப் பயிற்சிய அனுப்பணும். ஏற்கனவே ரெண்டு வாட்டி அனுப்பாம விட்டுட்டேன். இதுவும் போச்சுன்னா பேர வெட்டிருவாங்க.”

“வெட்டினா?”

“அம்மா கொழும்புக்கு அனுப்பிரும். சித்தி வேல செய்ற துணிக்கடைக்கு. பேசி வச்சிருச்சு.”

அப்போது மணி மூன்றரை.

சின்னப் புரோகிராம்தான். இப்போது எத்தனை மணி என்று நாம் தட்டினால், தலவாக்கலைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று அது சொல்ல வேண்டும். சொல்லவில்லை. பிழை என்று சிவப்பாக நாலு வரி வந்து நின்றது. நான் எட்டிப் பார்த்ததும் சட்டென்று அழித்துவிட்டாள்.

“ஏம்மா அழிக்கிற?”

“அசிங்கமா இருக்குக்கா.”

வகுப்பிலும் இதே கதைதானாம். படிப்பிக்கிற சேர் பக்கத்தில் வரும்போது சிவப்பை அழித்துவிட்டு, கீபோர்டில் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பாள். “எல்லாம் சரியா?” என்பார். “சரி சேர்!” அவர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

புதிதாகப் படிக்கிறவர்கள் தமிழில் சந்தேகம் கேட்க ஓர் இணையக் குழு இருக்கிறது. வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இவள் ஒருநாளும் கேட்டதில்லை. “நீங்க நல்லா எழுதுவீங்கல்லக்கா... ஒண்ணு எழுதித் தாங்களேன்.”

எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா, அம்மா என்று தொடங்கி, அவள் எந்தத் தோட்டம், எந்த லயம், அப்பாவுக்கு முதுகுவலி வந்து வேலைக்குப் போகாதது, அம்மா மழையிலும் கொழுந்து பறிப்பது, சிக்னல் இல்லாத கஷ்டம் — ஒன்றையும் விடவில்லை. ‘அடியேளின் புரோகிராம் வேலை செய்யாதபடியால், தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ என்று முடித்தேன். படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது.

காயத்ரி அதைக் குழுவில் போட்ட பத்து நிமிஷத்தில் பதில்கள் வந்தன.

ஒருவர் கும்பிடும் கை இரண்டு போட்டார். இன்னொருவர், “எரர் என்ன வந்தது?” என்றார். மூன்றாமவர், “அப்பாவுக்கு இப்ப சுகமா? சரி... கோட் எங்கே, தங்கச்சி?”

கோட்! அவள் எழுதிய புரோகிராம் வரிகள். அதை நாங்கள் போடவே இல்லை.

சிரிக்காதீர்கள். இருபது வருஷமாக நான் இப்படித்தான் எழுதுகிறேன். பீலிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டு பக்கம் எழுதி, பீலியைக் கடைசி வரியில் வைப்பேன். ஏன்? படிக்கிறவருடைய மனம் இளகினால்தான் வேலை நடக்கும் என்று நாங்கள் பழகிவிட்டோம். என்ன உடைந்தது என்பதைவிட, உடைந்த வீட்டில் இருக்கிறவர் எவ்வளவு அடக்கமானவர் என்பதுதான் முக்கியம். நம் கையால் உடைந்தது என்றால்... அதை எழுதவே மாட்டோம்.

இந்தக் குழுவில் கேட்டதோ அதை மட்டும்தான். பிழையைக் காட்டு. அவ்வளவுதான்.

“போடு, காயத்ரி.”

“அந்த செவப்பயுமா? எல்லாரும் பாப்பாங்களேக்கா...”

“பாக்கட்டும்.”

“சிரிச்சாங்கன்னா?”

சிரிப்பார்களோ என்று பயந்தே பாதி வாழ்க்கையை ஓட்டியவள் நான். அவளுக்கு என்ன தைரியம் சொல்வது? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். நாலே கால். உதட்டைக் கடித்துக்கொண்டு, சிவப்பு வரிகளோடு சேர்த்து எல்லாவற்றையும் போட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. நாம் தட்டுவது எதுவானாலும் கம்ப்யூட்டர் அதை வெறும் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளுமாம். ஒன்பது என்று தட்டினாலும் அதற்கு அது எண் இல்லை. எண்ணாக மாற்று என்று நாம்தான் சொல்ல வேண்டுமாம். சேர்க்க வேண்டியது ஒரே ஒரு சொல். கீழே எழுதியிருந்தார்: “நானும் முதல் மாசம் இதிலதான் விழுந்தேன்.”

காயத்ரி அந்தக் கடைசி வரியையே இரண்டு மூன்று தடவை படித்தாள். பிறகுதான் திருத்தினாள்.

பஸ் வந்தது — திரையில்தான்! ஆனால் கடைசி பஸ் போன பிறகு உள்ள நேரத்தைத் தட்டினால் மறுபடியும் சிவப்பு. அந்த நேரம் பார்த்து, அடையாள அட்டை கொப்பி எடுக்க ஒருவர் வந்துவிட்டார். முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறேன்...

“போயிருச்சுக்கா! அனுப்பிட்டேன்!”

ஐந்துக்கு எட்டு நிமிஷம் இருந்தது. இரண்டாவது பிழைக்கு அவள் என்னைக் கூப்பிடவே இல்லை. தானே குழுவில் கேட்டு, பதில் வாங்கி, திருத்தியும் விட்டாள்.

என்னதான் எழுதியிருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். பிழை, கோட், ‘ஏன் இப்படி வருது?’ என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

ஒரு வணக்கமாவது போட்டிருக்கலாம்!