காசிம் பார்க்கும் வரை

போன வாரம் விருதுநகரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தேன். கற்பூரமும் சந்தன அத்தரும் கலந்த வாசனை. உறவுக்காரர் ஒருவர் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். அதற்குள் இருந்து துபாய் மகள் அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் காசிமின் தகப்பனார் ஞாபகம் வந்துவிட்டது. அவரை நானும் அத்தா என்றுதான் கூப்பிடுவேன்.

அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் இருந்தேன். படிப்பு எட்டாவது. கம்பெனிக்கு ஒரு வெப்சைட் உண்டு. செய்து கொடுத்தவர் சென்னைக்குப் போய்விட்டார். காலண்டர் படம், வெடி லேபிள் எல்லாம் அதில் ஏற்றுவது என் தலையில் விழுந்தது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு சொல்லாக அடிக்க வேண்டும். ஓப்பன், பாஸ்வேர்டு, பைனரி, புட். அர்த்தம் தெரியாது, வரிசை தெரியும். ஒருமுறை பைனரி அடிக்க மறந்து, சங்குசக்கர லேபிள் நிறமெல்லாம் சிதறிப் போனது.

"என்னலே, சக்கரத்துக்கு அம்மை போட்டிருக்கு?" என்றார் முதலாளி.

காசிம் எங்கள் தெரு. சின்ன வயதிலிருந்தே மாப்ள, மாப்ள என்றுதான் பேச்சு. அவன் சவுதியில் இருந்தபோது அத்தா ஒரு காலையில் தவறிப்போனார். சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் அடக்கம். அவனால் வர முடியாது.

"மாப்ள, மொகத்தை மட்டும் காட்டிரு. நான் பாக்காம எடுக்க விட்றாத" என்றான் போனில்.

அச்சகத்துக் கேமராவோடு போனேன். ஜமாத் பெரியவர் மறித்தார்.

"மய்யித்தைப் போட்டோ எடுக்கக் கூடாதுய்யா."

உள்ளேயிருந்து காசிம் அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "எடுத்துக்கிடட்டும்ங்க. அவன் ஒருத்தன்தான பாக்கல."

பெரியவரே முகத்துணியை விலக்கிவிட்டார்.

அச்சகத்தில் மெயில் பக்கம் திறக்கவே இல்லை. இன்டர்நெட் லைன் அப்படி. கறுப்புத் திரை அந்த லைனிலும் ஓடும். வெடி லேபிள்களுக்கு நடுவில், படத்துக்கு அத்தா என்றே பெயர் போட்டு ஏற்றினேன். பைனரி அடித்தேனா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். பாதியில் லைன் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. முதலாளி பின்னால் நின்றார்.

ஏறியதும், அச்சகத்துப் போனில் காசிமைக் கூப்பிட்டு, பக்கத்தின் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். படங்கள் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் காலம். நெற்றி வந்திருக்கும். மூக்கு. தாடி.

"பாத்துட்டேன் மாப்ள. எடுக்கச் சொல்லு."

தொழுகை முடிந்தும் தெருவே காசிம் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தது. நான் போன் போட்டுச் சொன்ன பிறகுதான் தூக்கினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் மண் தள்ளி முடித்திருந்தார்கள்.

அந்தப் படத்தை நான் அழிக்கவில்லை. முதலாளியும் கேட்கவில்லை. சீசனுக்கு லேபிள் ஏற்றும்போது, திரையில் ஓடும் பெயர்களில் அத்தாவும் வந்து போவார். பிறகு கம்பெனி கைமாறியது. வெப்சைட்டுக்கு வருஷாவருஷம் கட்டும் பணத்தைக் கட்டாமல் விட்டார்கள். கம்ப்யூட்டரும் கேமராவும் பழைய சாமான் கடைக்குப் போயின. நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு நாள் காசிம் கூப்பிட்டான்.

"மாப்ள, அத்தா பக்கம் ரெண்டு நாளா தெறக்க மாட்டேங்கே. லைன் கோளாறா?"

இத்தனை வருஷமும் அவன் அதைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"இல்ல மாப்ள. போயிருச்சு."

அவன் போனை வைக்கவில்லை.